அந்நியர் கையில் எவ்வளவு? நாட்டுக் கடனும் நிறுவனப் பங்கும் எல்லைக்கு வெளியே யாரிடம் இருக்கின்றன என்று தேடிப் பார்க்கும் வழிகாட்டி

அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களில் 9 லட்சம் கோடி டாலருக்கும் மேல் வெளிநாட்டவரிடம் இருக்கிறது. முதலிடம் ஜப்பானுக்கு. 2025 மார்ச் கணக்கில் சீனாவை முந்தி பிரிட்டன் இரண்டாமிடத்துக்கு வந்தது. பொருளாதாரப் பக்கங்களில் அடிக்கடி வரும் செய்தி இது. ஆனால் பிரிட்டனில் இவ்வளவு பத்திரத்தை வாங்கியது யார் என்று கேட்டுப் பாருங்கள், யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அந்தப் பட்டியல் சொல்வது கணக்கு எந்த நாட்டில் திறக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும்தான். பணம் யாருடையது என்பது வேறு கேள்வி, அதற்குத் தனியாகத் தேட வேண்டும்.

தேடுவதற்குக் காசு செலவில்லை. வேண்டியதெல்லாம் அரசுகளும் மத்திய வங்கிகளும் பங்குச் சந்தைகளும் இலவசமாக வெளியிடும் பட்டியல்கள், ஓர் எக்செல் தாள், அடிக்குறிப்புகளைப் படிக்கும் பொறுமை. மூன்றாவதுதான் பலரிடம் இருப்பதில்லை.

முதல் படி: எண்ணை எடுக்கும் முன் ஐந்து பத்திகள்

எக்செல் தாளில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஐந்து விவரங்களை எழுதுங்கள்: எந்தத் தேதியின் நிலவரம், முகமதிப்பா சந்தை மதிப்பா, எதனால் வகுத்த சதவீதம், ‘வெளிநாட்டவர்’ என்று யாரைச் சொல்கிறார்கள், தகவலைக் கொடுத்தது யார். இவற்றில் ஒன்று காலியாக இருந்தாலும் அந்த எண்ணை இன்னோர் எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

வகுக்கும் எண்ணால் எவ்வளவு மாறும் என்பதற்கு அமெரிக்காவே உதாரணம். அதன் மொத்தக் கடன் 2025 அக்டோபரில் 38 லட்சம் கோடி டாலரைத் தொட்டது. அதில் 7 லட்சம் கோடிக்கு மேல் சமூகப் பாதுகாப்பு நிதி போன்ற அரசின் சொந்தக் கணக்குகளிலேயே கிடக்கிறது. மொத்தத்தால் வகுத்தால் வெளிநாட்டவர் பங்கு நான்கில் ஒன்று. வெளியாருக்கு விற்ற கடனால் மட்டும் வகுத்தால் ஏறக்குறைய பத்தில் மூன்று. இரண்டு சதவீதங்களும் செய்திகளில் வருகின்றன, இரண்டும் சரிதான். ஒன்றை 2015-க்கும் மற்றதை 2025-க்கும் எடுத்துப்போட்டு வரைபடம் வரைந்தால் மட்டும் தப்பாகிவிடும்.

‘வெளிநாட்டவர்’ என்ற சொல்லுக்குப் புள்ளிவிவரத் துறையில் வசிப்பிடம்தான் அளவுகோல். குடியுரிமையோ பத்திரத்தின் நாணயமோ கணக்கில் வராது. லக்சம்பர்க்கில் பதிவான ஒரு நிதி மும்பையில் ரூபாய்ப் பத்திரம் வாங்கினால் அது வெளிநாட்டவர் வசம். இலங்கை அரசு நியூயார்க் சட்டப்படி வெளியிட்ட டாலர் முறியை, அதாவது கடன் பத்திரத்தை, கொழும்பு வங்கி ஒன்று வாங்கி வைத்திருந்தால் அது உள்நாட்டவர் வசம். வெளிநாட்டு நாணயக் கடனும் வெளிநாட்டவர் வைத்திருக்கும் கடனும் வெவ்வேறு வட்டங்கள். கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று படியும், முழுதாக ஒன்றாகாது.

பங்குகளில் இன்னொரு கோடும் உண்டு. ஒரு நிறுவனத்தின் வாக்குரிமையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருந்தால் நேரடி முதலீடு, அதற்குக் கீழே போர்ட்ஃபோலியோ முதலீடு. இரண்டும் வெவ்வேறு பட்டியல்களில் வரும். இந்துஸ்தான் யூனிலீவரில் யூனிலீவர் குழுமம் வைத்திருக்கும் 61.9 சதவீதத்தை எஃப்பிஐ (அந்நிய போர்ட்ஃபோலியோ முதலீட்டாளர்) புள்ளிவிவரத்தில் தேடினால் கிடைக்காமல் போவது இதனால்தான்.

இரண்டாம் படி: உரிமைச் சங்கிலியை வரைந்து பாருங்கள்

தைவானில் உள்ள ஒரு ஆயுள் காப்பீட்டு நிறுவனம் அமெரிக்கப் பத்திரம் வாங்குகிறது என்று வையுங்கள். பத்திரம் மின்னணுப் பதிவாக அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் ஏட்டில் இருக்கிறது. அங்கே எழுதியிருப்பது நியூயார்க்கில் உள்ள ஒரு கஸ்டோடியன் வங்கியின், அதாவது பிறர் பத்திரங்களைப் பாதுகாத்து வைக்கும் வங்கியின், பெயர். அந்த வங்கியின் ஏட்டில் பிரஸல்ஸில் இயங்கும் பத்திரப் பதிவு, தீர்வு அமைப்பான யூரோகிளியரின் பெயர். யூரோகிளியரின் ஏட்டில் தைபேயில் உள்ள ஒரு வங்கி. அந்த வங்கியின் ஏட்டில்தான் காப்பீட்டு நிறுவனம் வருகிறது. அமெரிக்கப் புள்ளிவிவரம் நியூயார்க் வங்கியைக் கேட்டுத் தயாராகிறது. அந்த வங்கிக்குத் தெரிந்தது பிரஸல்ஸ் வரைதான். ஆகவே பத்திரம் பெல்ஜியம் கணக்கில் ஏறுகிறது.

புதுச்சேரிப் பதிவெண்ணைப் பார்த்துக் காரின் உரிமையாளர் புதுச்சேரிக்காரர் என்று முடிவு கட்டுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே பதிவு செய்ததற்கு வரி ஒரு காரணம் என்பதிலும் ஒற்றுமை உண்டு.

2013 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் பெயரில் இருந்த அமெரிக்கப் பத்திரம் சுமார் 16,700 கோடி டாலர். 2014 மார்ச்சில் அது 38,000 கோடியைத் தாண்டியது. அந்த நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியே 50,000 கோடி டாலரை ஒட்டித்தான். ஏழு மாதத்தில் பெல்ஜியத்தார் இவ்வளவு சேமித்திருக்க வழியில்லை. வேறு நாடுகளின் பத்திரம் யூரோகிளியர் கணக்குக்கு இடம் மாறியது என்பதே பொருந்தும் விளக்கம். இதே கண்ணோடு லக்சம்பர்க், அயர்லாந்து, கேமன் தீவுகள், சுவிட்சர்லாந்து, பிரிட்டன் ஆகிய வரிகளையும் படிக்க வேண்டும். லக்சம்பர்க்கில் யூரோகிளியர் போன்ற கிளியர்ஸ்ட்ரீமும் முதலீட்டு நிதிகளும், அயர்லாந்தில் நிதிகள், கேமனில் ஹெட்ஜ் ஃபண்டுகள், லண்டனில் உலகத்துக்கே கஸ்டோடியன் வேலை.

பங்குகளிலும் இதே கதை. அமெரிக்க நிறுவனங்களின் பங்குதாரர் பதிவேட்டில் பெரும்பாலான பங்குகள் ‘சீட் அண்ட் கோ’ என்ற ஒரே பெயரில் இருக்கும். அது பங்குகளை மின்னணுப் பதிவாக வைத்திருக்கும் டிடிசி டெபாசிட்டரியின் நாமினி, அதாவது பிறருக்காகப் பெயர் மட்டும் கொடுப்பது. ஜப்பானியப் பெருநிறுவனங்களின் ஆண்டறிக்கையைத் திறந்தால் முதல் பத்துப் பங்குதாரர் பட்டியலில் ‘ஸ்டேட் ஸ்ட்ரீட் பேங்க் வெஸ்ட் கிளையன்ட் - ட்ரீட்டி 505234’ என்று ஒரு பெயர் அடிக்கடி வரும். அது ஒரு முதலீட்டாளர் அல்ல. பலருடைய பங்குகள் சேர்ந்து கிடக்கும் கஸ்டடி கணக்கின் தலைப்பு.

இந்தியப் பங்குகளில் நிலைமை மேல். எஃப்பிஐ ஒவ்வொன்றும் தன் பான் எண்ணில், தன் பெயரில் டீமேட் கணக்கு வைத்திருக்க வேண்டும். நடுவில் உள்ள வங்கியின் பெயருக்குப் பதிலாக நிதியின் பெயரே பதிவேட்டில் வரும். அந்த நிதிக்குள் யார் பணம் என்பது அடுத்த அடுக்கு.

மூன்றாம் படி: அமெரிக்கப் பத்திரங்கள்

அமெரிக்க நிதித்துறையின் டிஐசி (சர்வதேச மூலதனப் புள்ளிவிவரம்) பக்கத்துக்குப் போங்கள். மாதத்தின் நடுவில், சுமார் ஆறு வாரம் பழைய நிலவரம் வெளியாகும். மார்ச் நடுவில் வருவது ஜனவரி கடைசி. ‘முக்கிய வெளிநாட்டு உடைமையாளர்கள்’ என்ற அட்டவணை 5-ஐ இறக்குங்கள். பலர் மேல்வரிசை நாடுகளோடு நிறுத்திவிடுகிறார்கள். பயனுள்ளது அடியில் இருக்கிறது: மொத்தத்தில் மத்திய வங்கிகளும் அரசு அமைப்புகளும் வைத்திருப்பது எவ்வளவு, அதில் குறுகிய கால பில்கள் எவ்வளவு. அரசு சார்ந்தவர்களின் பங்கு இப்போது பாதிக்கும் கீழே. ‘பிற நாட்டு அரசுகள் அமெரிக்காவுக்குக் கடன் கொடுக்கின்றன’ என்ற பழைய படம் இந்த ஒரே வரியில் கலைந்துவிடும்.

அடுத்து, அதே எண்ணில் விலை மாற்றம் எவ்வளவு என்று பிரியுங்கள். அட்டவணை சந்தை மதிப்பில் இருக்கிறது. வட்டி ஏறினால் பத்திர விலை இறங்கும். சராசரி டியூரேஷன் (வட்டி மாறினால் விலை எவ்வளவு அசையும் என்ற அளவு) 6 ஆண்டு உள்ள தொகுப்பில் வட்டி ஒரு சதவீதப் புள்ளி ஏறினால் மதிப்பு ஏறக்குறைய 6 சதவீதம் குறையும். ஒரு பத்திரம்கூட விற்காமலே 1,00,000 கோடி 94,000 கோடி ஆகும். 2022-ல் பத்தாண்டு அமெரிக்கப் பத்திரத்தின் வட்டி ஒன்றரை சதவீதத்திலிருந்து நான்கை நெருங்கியது. அந்த ஆண்டு வந்த ‘விற்றுத் தள்ளுகிறார்கள்’ செய்திகளில் பல, விலை இறக்கத்தை விற்பனையாகப் படித்தவை. 2023 முதல் நிகர வாங்கல் விற்றலையும் மதிப்பு மாற்றத்தையும் தனித்தனிப் பத்திகளாக டிஐசி தருவதால், இப்போது அப்படிப் படிக்க எந்தச் சாக்கும் இல்லை.

சீனாவின் வரியை எப்படிப் படிப்பது? 2013-ல் 1.3 லட்சம் கோடி டாலர் வரை போனது, 2025-ல் 80,000 கோடிக்கும் கீழே. அமெரிக்கக் கஸ்டோடியன்களில் சீனாவின் பெயரில் இருப்பது குறைந்தது என்று எழுதலாம், அது உறுதி. சீன அரசின் டாலர் சொத்து அதே அளவு குறைந்தது என்று எழுத இந்த அட்டவணை போதாது. பெல்ஜியம் வழியாக வைத்திருக்கலாம். அரசுப் பத்திரத்தை விட்டு ஃபேனி மே, ஃப்ரெடி மேக் போன்ற வீட்டுக்கடன் அமைப்புகள் வெளியிடும் ஏஜென்சிப் பத்திரங்களுக்கு மாறியிருக்கலாம். டாலர் வைப்பாகவும் இருக்கலாம். ஏஜென்சிப் பத்திரங்களுக்கு டிஐசியிலேயே தனிப் பத்தி உண்டு. சேர்த்தே பாருங்கள்.

முழுப் படம் வேண்டுமென்றால் ஜூன் 30 நிலவரப்படி ஆண்டுதோறும் எடுக்கும் விரிவான கணக்கெடுப்பு இருக்கிறது. நாடு வாரியாக, பங்கு, அரசுப் பத்திரம், ஏஜென்சி, கார்ப்பரேட் பத்திரம் என்று பிரித்துத் தருவார்கள். 2024 ஜூனில் வெளிநாட்டவரிடம் இருந்த அமெரிக்கப் பங்கு பத்திரங்களின் மொத்தம் 30 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. பாதிக்கு மேல் பங்குகள். கடனைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், வெளிநாட்டவர் கையில் அதிகம் இருப்பதோ அமெரிக்க நிறுவனங்களின் பங்கு.

நான்காம் படி: இந்திய அரசுப் பத்திரங்கள்

இந்திய அரசு டாலர் முறி எதையும் சர்வதேசச் சந்தையில் வெளியிட்டதில்லை. 2019 பட்ஜெட்டில் அறிவித்தார்கள், நடக்கவில்லை. ஆகவே இங்கே கேள்வி ரூபாய்ப் பத்திரங்கள் பற்றியது. மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

மொத்தப் பங்கீட்டுக்கு ரிசர்வ் வங்கியின் மாத இதழில் வரும் உடைமைப் பட்டியல். காலாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். வங்கிகள் முதலிடம், காப்பீட்டு நிறுவனங்கள் இரண்டாமிடம். எஃப்பிஐ பங்கு நீண்ட காலம் ஒன்றரை சதவீதத்தை ஒட்டியே கிடந்து, இப்போது மூன்றை ஒட்டி வந்திருக்கிறது.

அன்றாட நிலவரத்துக்கு, அரசுப் பத்திர வர்த்தகங்களைத் தீர்த்துவைக்கும் சிசிஐஎல் நிறுவனத்தின் தளம். முழு அணுகல் வழி எனப்படும் எஃப்ஏஆர் பத்திரங்களில் எஃப்பிஐ எவ்வளவு வைத்திருக்கிறது என்று ஐஎஸ்ஐஎன் (ஒவ்வொரு பத்திரத்துக்கும் உள்ள அடையாள எண்) வாரியாகத் தினமும் போடுகிறார்கள். எஃப்ஏஆர் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தப் பட்டியலில் உள்ள பத்திரங்களுக்கு உச்சவரம்பு கிடையாது. ஜேபி மோர்கன் 2023 செப்டம்பரில் அறிவித்து, 2024 ஜூன் 28 முதல் மாதம் ஒரு சதவீதம் என்ற கணக்கில் பத்து மாதத்தில் தன் வளரும் நாடுகள் குறியீட்டில் சேர்த்தது இவற்றைத்தான். சேர்ப்பு முடிந்த 2025 மார்ச்சை ஒட்டி எஃப்பிஐ கையிருப்பு சுமார் 3 லட்சம் கோடி ரூபாய்.

மூன்றாவது, பங்கு பத்திரங்களை மின்னணு வடிவில் வைக்கும் டெபாசிட்டரியான என்எஸ்டிஎல்லின் எஃப்பிஐ பக்கம். எஃப்ஏஆர் அல்லாத பொது வழியில் வரம்பு உண்டு: மத்திய அரசுப் பத்திரங்களில் 6 சதவீதம், மாநில அரசுப் பத்திரங்களில் 2 சதவீதம், கார்ப்பரேட் பத்திரங்களில் 15 சதவீதம். எவ்வளவு நிரம்பியது என்று அங்கே தெரியும். தமிழ்நாடு அரசின் கடன் பத்திரத்தை அந்நியர் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால், எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்த அந்த 2 சதவீத வரம்பில் பெரும்பகுதி காலியாகவே கிடக்கிறது என்பதே பதிலின் முக்கால்வாசி.

இங்கே வழுக்கும் இடம் ஒன்று. 2024 ஜூலை 29 அன்று, இனிமேல் வெளியாகும் 14 ஆண்டு, 30 ஆண்டுப் பத்திரங்கள் எஃப்ஏஆரில் சேராது என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. அதற்கு முன் சேர்ந்தவை அப்படியே தொடரும். ஆக, ஒரே 30 ஆண்டுப் பத்திரங்களில் ஒன்று பட்டியலில் இருக்கும், இன்னொன்று இருக்காது. ஆண்டை வைத்துப் பிரிக்க வேண்டாம், ஐஎஸ்ஐஎன்னை வைத்தே பிரியுங்கள்.

ஐந்தாம் படி: இந்திய நிறுவனப் பங்குகள்

பட்டியலிட்ட நிறுவனம் ஒவ்வொன்றும் காலாண்டு முடிந்து 21 நாளுக்குள் பங்குடைமை விவரத்தைச் சந்தைக்குத் தர வேண்டும் என்பது பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியின் விதி. பிஎஸ்இ தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டு, பங்குடைமைப் பக்கத்தில் காலாண்டைத் தேர்ந்தெடுங்கள். நான்கு அட்டவணை வரும்: சுருக்கம், புரொமோட்டர் (நிறுவனத்தைக் கட்டுப்படுத்துபவர்), பொதுமக்கள், இரண்டிலும் சேராதவர்.

வெளிநாட்டவர் இவற்றில் நான்கு இடங்களில் சிதறிக் கிடப்பார்கள்.

- புரொமோட்டர் அட்டவணையின் வெளிநாட்டுப் பகுதி. மாருதியில் சுசுகியின் 58 சதவீதம் வருவது இங்கேதான்.
- பொதுமக்கள் அட்டவணையில் வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்: எஃப்பிஐ முதல் வகை, இரண்டாம் வகை, இறையாண்மை நிதிகள், நேரடி முதலீடு.
- அதே அட்டவணையின் கீழ்ப்பகுதியில் என்ஆர்ஐ, வெளிநாட்டுக் கம்பெனிகள், வெளிநாட்டுக் குடிமக்கள்.
- கடைசி அட்டவணையில் சி1 வரி: ஏடிஆர், ஜிடிஆர் எனப்படும் டெபாசிட்டரி ரசீதுகளுக்கு (இந்தியப் பங்குகளுக்கு ஈடாக வெளிநாட்டுச் சந்தைகளில் விற்பவை) அடியில் உள்ள பங்குகள்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது நான்காவதில். அதுவும் வெறுமனே கூட்ட மறந்துபோவதல்ல, சதவீதப் பத்தியே ஏமாற்றும். அந்தப் பத்தியின் தலைப்பைப் பாருங்கள்: ‘ஏ+பி+சி2-ல் சதவீதம்’ என்று இருக்கும் (ஏ புரொமோட்டர், பி பொதுமக்கள், சி2 ஊழியர் அறக்கட்டளைப் பங்கு). சி1 வகுக்கும் எண்ணிலேயே இல்லை. ஒரு வங்கிக்கு மொத்தம் 100 கோடிப் பங்கு, அதில் 14 கோடி ஏடிஆருக்கு அடியில், எஃப்பிஐயிடம் 40.5 கோடி என்று வைப்போம். பத்தியில் வருவது 40.5-ஐ 86-ஆல் வகுத்த 47.1 சதவீதம். உண்மையில் எஃப்பிஐ பங்கு 40.5 சதவீதம். ஏடிஆரைச் சேர்த்த வெளிநாட்டு உடைமை 54.5. பத்தியில் உள்ள 47.1-ஐ எடுத்து அதோடு 14-ஐக் கூட்டினால் 61.1 என்று பிழையான விடை வரும். ஆகவே சதவீதப் பத்தியைத் தொடாதீர்கள். பங்கு எண்ணிக்கைகளை மட்டும் எடுத்துக் கூட்டி, மொத்தப் பங்கு எண்ணிக்கையால் நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு வெறும் ஏட்டுக்கணக்கல்ல. தனியார் வங்கிகளில் அந்நிய உடைமைக்கு உச்சம் 74 சதவீதம். 2024 ஜூன் காலாண்டில் எச்டிஎஃப்சி வங்கியில் ஏடிஆர் உட்பட அந்நிய உடைமை 54.83 சதவீதமாக இறங்கியது. 74-ல் மிச்சம் 19.17, அதை 74-ஆல் வகுத்தால் 25.9 சதவீதம். மிச்ச இடம் 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால், உலக முதலீட்டு நிதிகள் பின்பற்றும் குறியீடுகளைத் தயாரிக்கும் எம்எஸ்சிஐ தன் குறியீட்டில் அந்தப் பங்குக்கு முழு எடை தரும், இல்லையென்றால் வெட்டும். ஜூலை தொடக்கத்தில் பங்குடைமை விவரம் வந்ததும் விலை துள்ளியது இந்தக் கணக்கால்தான். ஆகஸ்ட், நவம்பர் என்று இரண்டு தவணையாக எடை கூடியது.

பெயர்களைப் படிக்கும்போது: ஒரு சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருப்பவர் பெயர் மட்டுமே வெளியாகும், அதுவும் பான் வாரியாக. ஒரே நிதி நிறுவனம் பத்து நிதிகளில் தலா 0.8 சதவீதம் வைத்திருந்தால் ஒரு பெயர்கூட தெரியாது. 50 சதவீதத்துக்கு மேல் ஒரே உடைமையாளரிடம் உள்ள எஃப்பிஐக்கள் ஒரே குழுவாகக் கொள்ளப்பட்டு, சேர்ந்து 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மீறினால் ஐந்து வர்த்தக நாளுக்குள் விற்க வேண்டும், அல்லது நேரடி முதலீடாக மாற வேண்டும். ‘கவர்ன்மென்ட் ஆஃப் சிங்கப்பூர்’ என்று பட்டியலில் வந்தால் அது சிங்கப்பூரின் அரசு முதலீட்டு நிறுவனமான ஜிஐசி நிர்வகிக்கும் பணம். ‘கவர்ன்மென்ட் பென்ஷன் ஃபண்ட் குளோபல்’ என்றால் நார்வேயின் எண்ணெய்ப் பணம். பெயரில் பென்ஷன் இருந்தாலும் அது நாட்டின் சேமிப்பு நிதி.

நிதிக்குப் பின்னால் இருக்கும் மனிதர் யார்? பொதுமக்களுக்கு வழி அநேகமாக மூடியிருக்கிறது. செபிக்கு உண்டு. 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கைப்படி, இந்தியப் பங்கு முதலீட்டில் பாதிக்கு மேல் ஒரே குழுமத்தில் போட்ட எஃப்பிஐயும், 25,000 கோடி ரூபாய்க்கு மேல் இந்தியப் பங்கு வைத்திருந்த எஃப்பிஐயும், விலக்கு பெற்றவை நீங்கலாக, கடைசி மனிதர் வரை உடைமையாளரைக் காட்ட வேண்டும். 2025-ல் இரண்டாவது வரம்பை 50,000 கோடியாக உயர்த்தினார்கள். இந்த விவரம் செபியிடம் போகும், பொதுவெளிக்கு வராது. ‘மொரீஷியஸ் நிதி’ என்று பார்த்தால் மொரீஷியஸில் பதிவானது என்று மட்டும் எழுதுங்கள். அதற்கு மேல் எழுதத் தனி ஆதாரம் வேண்டும்.

என்ஆர்ஐ வரியிலும் ஒரு சிக்கல். பணத்தைத் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லாத அடிப்படையில் வாங்கிய பங்குகள், அந்நிய முதலீட்டு வரம்புக் கணக்கில் உள்நாட்டு முதலீடாகவே பார்க்கப்படும். துபாயில் இருப்பவர் என்ஆர்ஓ கணக்கிலிருந்து வாங்கியது புள்ளிவிவரப்படி வெளிநாட்டவர் வசம், வரம்புக் கணக்குப்படி உள்நாடு. எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து சேர்க்கவோ விடவோ வேண்டும்.

மற்ற நாடுகள், சுருக்கமாக

அமெரிக்கப் பங்குகளுக்கு 13எஃப் என்ற படிவம்: 10 கோடி டாலருக்கு மேல் நிர்வகிக்கும் நிறுவனங்கள் காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் தர வேண்டும். அது நிர்வாகியைக் காட்டும், பணத்தின் உரிமையாளரைக் காட்டாது. விலை இறங்கும் என்று கடன் வாங்கி விற்ற ஷார்ட் நிலைகள் வராது. மும்பையில் வாங்கிய இன்ஃபோசிஸ் பங்கு வராது, நியூயார்க்கில் வாங்கிய அதன் ஏடிஆர் வரும். ஒரு நிறுவனத்தில் 5 சதவீதம் தாண்டினால் 13டி படிவம், 2024 முதல் ஐந்து வேலைநாள் அவகாசம். பிரிட்டனில் தெரிவிக்க வேண்டிய கோடு 3 சதவீதம். அங்கே நிறுவனமே கம்பெனிச் சட்டம் 793-ஆம் பிரிவின் கீழ் ‘இந்தப் பங்கு யாருடையது’ என்று நாமினியைக் கேட்கலாம், பதில் சொல்லியாக வேண்டும்.

ஜப்பான் அரசுக் கடனில் ஏறக்குறைய பாதியை மத்திய வங்கியே வைத்திருக்கிறது. வெளிநாட்டவர் பங்கு நீண்ட காலப் பத்திரங்களில் குறைவு, குறுகிய கால பில்களில் பலமடங்கு அதிகம். இரண்டையும் கூட்டிய சதவீதத்தைத் தனியாகப் படித்தால் ஒன்றும் புரியாது.

சொந்தக் கையிருப்பை முழுதாக வெளியிடுவதில் நார்வே நிதிக்கு நிகர் இல்லை. எந்த நாட்டில், எந்த நிறுவனத்தில், எத்தனை சதவீதம் என்று அதன் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். உலகின் பட்டியலிட்ட நிறுவனங்களில் சராசரியாக 1.5 சதவீதம் அதன் கையில்.

ஆறாம் படி: கண்ணாடிக் கணக்கு

கடன் வாங்கிய நாடு சொல்லாவிட்டால், கொடுத்த நாடுகளைக் கேட்கலாம். ஐஎம்எஃப் நடத்தும் போர்ட்ஃபோலியோ முதலீட்டுக் கணக்கெடுப்பின் அடிப்படை அதுதான். ஜூன், டிசம்பர் இறுதி நிலவரங்கள் எட்டரை மாதம் பிந்தி வரும். உங்களுக்கு வேண்டிய நாட்டை ‘வெளியிட்ட நாடு’ இடத்தில் போட்டால், மற்ற நாட்டவர் தங்களிடம் உள்ளதாகச் சொன்னவை அடுக்கி வரும். பங்கு, நீண்ட காலக் கடன், குறுகிய காலக் கடன் என்று பிரித்தும் எடுக்கலாம்.

மூன்று ஓட்டைகள். மத்திய வங்கிகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் உள்ள பத்திரங்கள் எந்த நாட்டுடையவை என்பதைக் கொடுத்தவர் பெயரை மறைத்து மொத்தமாகவே தருவார்கள். கணக்கெடுப்பில் சேராத நாடுகள் உண்டு. மூன்றாவது, வெளியிட்ட நிறுவனத்தின் பதிவிடம்: அலிபாபா கேமன் தீவுகளில் பதிவான நிறுவனம் என்பதால் அதன் பங்கை வாங்கிய அமெரிக்கர் கேமனில் முதலீடு செய்தவராகவே பதிவாவார். சீனா வரியில் வரமாட்டார்.

இலங்கை: உடைமையாளரைத் தேடுவது அவசரமாகும்போது

2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நிறுத்தியபோது, பன்னாட்டு முறிகளில் நிலுவை சுமார் 1,255 கோடி டாலர். சீனா, ஜப்பான், இந்தியா போன்ற அரசுகளிடம் வாங்கிய கடனுக்கு எதிரில் யார் என்று தெரியும். முறிகளுக்குத் தெரியாது. பதிவேட்டில் சட்டப்படியான உடைமையாளர் சீட் அண்ட் கோ. நிதிகள் தாங்களாகக் குழுவாகச் சேர்ந்து, எங்களிடம் இவ்வளவு இருக்கிறது என்று முன்வந்த பிறகே பேச ஆள் கிடைத்தது.

யாரிடம் எவ்வளவு என்பதைவிட ஒரே தொடரில் எவ்வளவு என்பது முக்கியம் என்பதையும் இலங்கை காட்டியது. 2012-ல் வெளியிட்டு 2022 ஜூலை 25-ல் முதிர வேண்டிய 5.875 சதவீத முறியின் அளவு 100 கோடி டாலர். அதில் 25 கோடிக்கு மேல் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி ஹாமில்டன் ரிசர்வ் வங்கி நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தப் பழைய தொடரில் நிபந்தனைகளை மாற்ற அந்தத் தொடரை வைத்திருப்பவர்களில் 75 சதவீதம் சம்மதிக்க வேண்டும். கால் பங்குக்கு மேல் கையில் வைத்திருப்பவர் தனியாகவே தடுக்கலாம். மொத்தப் பன்னாட்டு முறிகளில் இரண்டு சதவீதம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை, தொடரில் நான்கில் ஒன்று என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். 2024 டிசம்பர் முறிமாற்றத்தில் ஏறக்குறைய 98 சதவீதம் சேர்ந்தது. முறிகளை வைத்திருந்த உள்ளூர் வங்கிகளுக்கென்று தனி வாய்ப்பும் அதில் இருந்தது.

ரூபாய்ப் பக்கத்துக்கு இலங்கை மத்திய வங்கியின் வாராந்தக் குறிகாட்டிகள் போதும். திறைசேரி உண்டியல்களிலும் (அரசின் குறுகிய கால பில்கள்) முறிகளிலும் வெளிநாட்டவர் கையிருப்பு வாரா வாரம் வரும்.

செய்தியைச் சோதிக்கும்போது

‘அந்நியர் விற்றார்கள்’ என்ற தலைப்பைப் பார்த்தால் கேட்க வேண்டியவை: இது கையிருப்பா, பரிவர்த்தனையா? கையிருப்பு என்றால் விலையும் நாணய மதிப்பும் எவ்வளவு மாறின? ரூபாய் 3 சதவீதம் சரிந்தால் டாலரில் சொல்லும் கையிருப்பு தானாகவே ஏறக்குறைய அந்த அளவு குறையும். பரிவர்த்தனை என்றால் எந்த மூலம்? மாலையில் பங்குச் சந்தைகள் தருவது தற்காலிக எண். கஸ்டோடியன்கள் உறுதிசெய்து என்எஸ்டிஎல் தருவது அடுத்து வருவது, அதில் ஐபிஓ, க்யூஐபி போன்ற புதிய வெளியீடுகளில் வாங்கியதும் சேரும். 2024-ல் எஃப்பிஐக்கள் சந்தை வழியாக 1.2 லட்சம் கோடி ரூபாய் அளவுக்கு நிகரமாக விற்றார்கள், ஏறக்குறைய அதே தொகைக்குப் புதிய வெளியீடுகளில் வாங்கினார்கள். ஆண்டு முடிவில் என்எஸ்டிஎல் கணக்கில் நின்றது சில நூறு கோடி நிகர வரவு.